வெளிநாட்டில் எந்தப் பேப்பரை நம்புவது? மலையை விட்டுக் கிளம்புகிறவர்களுக்கு

சித்தி மகள் அடுத்த மாதம் நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போகிறாள். பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது என்று கோத்தகிரி வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சு. நம் ஊர்க் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டரே போதும் என்கிறார் சித்தி, போதவே போதாது என்கிறார் சித்தப்பா. இதற்கு நடுவில் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, அங்க போனப்புறம் அந்த ஊர்ல என்ன நடக்குதுன்னு எதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறது? எந்தப் பேப்பரை நம்பலாம்?" என்று கேட்டாள். நான் அங்கே ஒன்பது வருடம் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள். கிளம்பும்போது எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை, சொல்லவும் ஆள் இல்லை, அதனால் முதல் இரண்டு வருடம் வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பித் தேவையில்லாமல் பயந்திருக்கிறேன், சில சமயம் பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாகவும் இருந்திருக்கிறேன். அவளுக்குச் சொன்னதையே இங்கே முழுசாக எழுதுகிறேன். குன்னூர், கூடலூர், கொடைக்கானல் என்று எந்த மலையிலிருந்து கிளம்பினாலும் பயன்படும்.

முதலில் நமக்கே தெரிந்த ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். மழைக்காலத்தில் மண் சரிவு என்று செய்தி வந்தால் நம் ஊர் டீக்கடையில் முதல் கேள்வி என்ன? "எந்த இடம்?" அவ்வளவுதான். "மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிவு, போக்குவரத்து பாதிப்பு" என்று மட்டும் போட்டிருந்தால் பெரியவர்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு பஸ் டிரைவர் யாராவது வருகிறாரா என்று பார்ப்பார்கள். "பர்லியாருக்கும் மரப்பாலத்துக்கும் நடுவில் இரண்டு மரம் சாய்ந்து கிடக்கிறது, ஒரு பக்கமாக வண்டி விடுகிறார்கள், காலை ஏழு மணிக்கு பொக்லைன் வந்துவிட்டது" என்று இருந்தால் எழுதியவர் அங்கே போய் நின்றிருக்கிறார், இல்லாவிட்டால் நின்ற ஆளோடு பேசியிருக்கிறார். இடம், நேரம், யார் சொன்னது, இந்த மூன்றையும் தேடும் பழக்கம் மலையில் வளர்ந்தவர்களுக்குத் தானாகவே வந்துவிடும், ஏனென்றால் தப்பான செய்தியை நம்பிக் கிளம்பினால் குஞ்சப்பனையில் ராத்திரி முழுக்க வண்டிக்குள்ளேயே உட்கார வேண்டியதுதான். வெளிநாடு போனதும் இந்தப் பழக்கத்தை ஏனோ கைவிட்டுவிடுகிறோம். எழுத்து பெரிதாக, படம் பளிச்சென்று, ஆங்கிலம் சரளமாக இருந்தால் உண்மையாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். அங்கேயும் இதே கேள்விதான்: எழுதியவர் அந்த இடத்துக்குப் போனாரா?

எங்கள் தாத்தா இலங்கையில் கண்டிப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து கோத்தகிரி வந்தவர். இந்தியாவுக்குப் போனால் வீடு தருவார்கள், நிலம் தருவார்கள், ஆளுக்கு இவ்வளவு பணம் என்று லைன் வீடுகளில் தினம் ஒரு கதை ஓடுமாம். தோட்டத்தில் யாராவது ஒருவர் வீரகேசரி வாங்கி வந்தால் பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒருவர் வாசிக்கக் கேட்பார்களாம். "கதை சொல்றவன் பேரு தெரியாது, பேப்பருக்கு விலாசம் இருக்கு, தப்பா எழுதினா போய்க் கேக்கலாம்" என்பார் தாத்தா. அயல்நாட்டில் ஒரு பேப்பரைப் பார்த்ததும் விலாசம் இருக்கிறதா என்று நான் தேடுவது அவரிடமிருந்து வந்ததுதான்.

சரி, போய் இறங்கியாயிற்று. முதல் வாரத்திலேயே அந்த ஊர்ப் பொது நூலகத்துக்குப் போங்கள். இங்கிலாந்தில் உறுப்பினர் ஆகப் பணம் கிடையாது, பெயரும் முகவரியும் காட்ட ஒரு தாள் இருந்தால் போதும், வீட்டு ஒப்பந்தமோ வங்கிக் கடிதமோ. அந்த அட்டையில் இருக்கும் எண்ணை வைத்து, பல ஊர்களில், பிரஸ்ரீடர் என்ற செயலியை இலவசமாகத் திறக்கலாம். அந்த ஊர்ப் பேப்பர், தேசியப் பேப்பர், பல நாட்டுப் பேப்பர்கள் எல்லாம் அச்சடித்த பக்கம் அப்படியே வரும். காசு கொடுத்துச் சந்தா கட்டுவதற்கு முன்னால் நான்கு பேப்பரை இரண்டு வாரம் புரட்டிப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. மேஜையில் உட்கார்ந்திருக்கும் நூலகரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: இந்த ஊருக்கென்று எந்தப் பேப்பர் வருகிறது, வாரம் எத்தனை நாள், வயசானவர்கள் வந்து எதை எடுத்துப் படிக்கிறார்கள். என் ஊர் நூலகத்தில் ஜன்னல் ஓரமாக ஒரு மரத் தண்டில் செருகி வைத்த வாரப் பேப்பர் இருக்கும், வியாழக்கிழமை காலையில் போனால் அதற்கு மூன்று தாத்தாக்கள் காத்திருப்பார்கள். அங்கேதான் எனக்கு அந்தப் பேப்பர் தெரிய வந்தது, கூகுள் ஒருநாளும் அதை என் கண்ணில் காட்டியதில்லை.

கூட வேலை செய்கிற உள்ளூர்க்காரர்களிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "எந்தப் பேப்பரை நீங்கள் வாங்கவே மாட்டீர்கள்? ஏன்?" எதை வாங்குவீர்கள் என்பதைவிட இதற்கு வரும் பதிலில் அந்த ஊரின் வரலாறே இருக்கும். லிவர்பூல் பக்கம் கேட்டால் ஒரே குரலில் 'தி சன்' என்பார்கள். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கால்பந்து பார்க்கப் போன லிவர்பூல் ஆட்கள் நெரிசலில் சிக்கினார்கள், மொத்தம் 97 உயிர் போயிற்று. நான்கு நாள் கழித்து அந்தப் பேப்பர் முதல் பக்கத்தில், இறந்தவர்களின் சட்டைப் பைகளை ரசிகர்களே துழாவினார்கள் என்று போட்டது. பொய். 2012இல் தனிக் குழு அறிக்கை வந்து ரசிகர்கள் மேல் தப்பில்லை என்று ஊர்ஜிதமானது, 2016இல் விசாரணை மன்றமும் அதையே சொன்னது. அந்த ஊரில் இன்றைக்கும் அந்தப் பேப்பரை விற்காத கடைகள் இருக்கின்றன. லண்டனில் இருந்துகொண்டு எழுதுகிறவருக்கும் அதே தெருவில் வாழ்ந்துகொண்டு எழுதுகிறவருக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. தெருவில் வாழ்கிறவர் மறுநாள் அந்த ஆட்கள் முகத்தில் விழிக்க வேண்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன், இதை மட்டும் செய்தால்கூடப் போதும் என்பேன். நீங்கள் கண்ணால் பார்த்த ஏதாவது ஒரு சம்பவம் நடக்கும்வரை காத்திருங்கள். பெரிய விஷயமாக இருக்க வேண்டியதில்லை: பஸ் நிறுத்தத்தை மாற்றுகிறார்கள், தண்ணீர்க் குழாய் உடைந்து தெரு மூடப்பட்டது, உங்கள் வார்டில் ஏதோ புது விதி. மறுநாள் அந்தச் செய்தியை மூன்று இடங்களில் எடுத்து, நீங்கள் பார்த்ததோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள்.

எனக்கு இது ஒரு தீ விபத்தில் வாய்த்தது. நான் குடியிருந்த தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கு, ராத்திரி ஷிப்ட் முடித்து விடியற்காலை நான் வரும்போது எரிந்துகொண்டிருந்தது. ரப்பர் கருகிய நாற்றம் ரெண்டு நாள் திரைச்சீலையிலேயே இருந்தது. மத்தியானம் எழுந்து போனைப் பார்த்தேன். ஒரு பெரிய தேசியச் செய்தித் தளம், குடியிருப்புகளிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டதாகப் போட்டிருந்தது. நான் அந்த வீட்டில்தான் தூங்கி எழுந்தேன், யாரும் யாரையும் வெளியேற்றவில்லை, ஜன்னலைச் சாத்தி வைக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். இன்னொரு தளத்தில் தீயணைப்புத் துறை கொடுத்த அறிக்கை எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது, தப்பு இல்லை, ஆனால் புதிதாக ஒரு வரியும் இல்லை. நூலகத்தில் பார்த்தேனே அந்த வாரப் பேப்பர், அதில் எந்த இரண்டு தெருக்களை எத்தனை மணி வரை அடைத்தார்கள், கிடங்கு யாருடையது, பக்கத்துச் சலவைக் கடை அம்மா என்ன சொன்னார், எல்லாம் இருந்தது. அந்த அம்மாவிடம் நானும் பேசியிருந்தேன், என்னிடம் சொன்னதைத்தான் நிருபரிடமும் சொல்லியிருக்கிறார். அதற்கடுத்த வாரம் இரண்டாம் பக்கத்தில் சின்னதாக ஒரு பெட்டி: போன இதழில் கிடங்குக்கு நான்கு மாடி என்று எழுதிவிட்டோம், மூன்று மாடிதான், வருந்துகிறோம். அன்றைக்கே சந்தா கட்டினேன். ஒரு மாடிக் கணக்குக்காக வருத்தம் தெரிவிக்கிறவர்கள் பெரிய விஷயத்தில் தப்பு செய்தாலும் மறைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றிற்று, அடுத்த ஆறு வருடமும் அப்படித்தான் இருந்தார்கள். எந்தப் பேப்பராக இருந்தாலும் திருத்தம் போடுகிறார்களா, எந்தப் பக்கத்தில் போடுகிறார்கள் என்று பாருங்கள். திருத்தமே வராத பேப்பரில் தப்பே நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை.

அப்புறம் விலாசம். இதைக் கிளம்பும் முன்பே நம் வீட்டுப் பேப்பரில் பழகிக்கொள்ளலாம். எந்தத் தமிழ்ப் பேப்பரையும் எடுத்துக் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்: யாருக்காக யார் அச்சிட்டு எங்கிருந்து வெளியிட்டார், ஆசிரியர் யார். 1867ஆம் வருடச் சட்டம் போட வைத்த வரி அது, 2023இல் புதுச் சட்டம் வந்தது. மார்ச் தொடக்கத்தில் உரிமையாளர் விவரத்தை ஒரு கட்டமாகப் போடுவதும் நீண்ட கால வழக்கம், நாம்தான் புரட்டிவிட்டுப் போய்விடுகிறோம். ஜெர்மனியில் இணையதளத்துக்கும் இது கட்டாயம், பக்கத்தின் அடியில் 'இம்ப்ரெசும்' என்று ஒரு சுட்டி இருக்கும், தட்டினால் பொறுப்பாளர் பெயர், தெரு முகவரி எல்லாம் வர வேண்டும். வரவில்லை என்றால் அந்தத் தளத்தை மூடிவிடலாம். இங்கிலாந்தில் பெரும்பாலான ஊர்ப் பேப்பர்கள் இப்சோ என்ற அமைப்பில் சேர்ந்திருக்கும், 2014இல் தொடங்கியது, செய்தி தப்பு என்று நீங்களே புகார் எழுதலாம், காசு வேண்டாம். சிறிய பத்திரிகைகள் சில இம்ப்ரெஸ் என்ற இன்னொரு அமைப்பில் இருக்கும். இரண்டிலும் இல்லாத நல்ல பேப்பரும் உண்டு, கார்டியன் இப்சோவில் சேரவில்லை, புகாரைத் தானே கவனிக்கத் தனி ஆள் வைத்திருக்கிறது. ஆக, முத்திரையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தப்பு என்றால் யாரிடம் போய்க் கேட்பது என்பதற்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிருபரின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் பாதிக்கு மேல் ஊர்ப் பேப்பர்கள் ரீச், நியூஸ்க்வெஸ்ட் மாதிரி சில பெரிய நிறுவனங்களின் கையில் இருக்கின்றன, அதனால் பெயர் உங்கள் ஊருடையதாக இருக்கும், உள்ளே இருப்பது எல்லா ஊருக்கும் பொதுவான நடிகர் செய்தியும் தள்ளுபடி விளம்பரமுமாக இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு செய்தியின் முதல் வரியை அப்படியே எடுத்துத் தேடிப் பாருங்கள், பக்கத்து ஊர்ப் பேப்பரிலும் அதே வரி வந்தால் அது உங்கள் ஊரில் எழுதப்பட்டதில்லை. அதற்காக அந்தப் பேப்பரையே ஒதுக்கவும் வேண்டாம். அதிலேயே ஒன்றிரண்டு பேர் உள்ளாட்சி மன்றக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து எழுதுவார்கள், பெயருக்குக் கீழே 'லோக்கல் டெமாக்ரசி ரிப்போர்ட்டர்' என்று இருக்கும், சம்பளத்துக்குப் பணம் பிபிசி கொடுக்கிறது, வேலை உள்ளூர்ப் பேப்பரில். நூலகத்தை மூடப் போகிறார்களா, வரி எவ்வளவு கூடுகிறது, ராத்திரி பஸ்ஸை எதற்கு நிறுத்துகிறார்கள் என்பதெல்லாம் அந்த ஆள் எழுதித்தான் எனக்குத் தெரியும். ராத்திரி ஷிப்ட் பார்க்கிற நர்ஸுக்கு ராத்திரி பஸ்ஸைவிடப் பெரிய செய்தி எது? இவை தவிர வாசகர் காசிலேயே நடக்கும் சிறு பத்திரிகைகள் இப்போது வந்திருக்கின்றன, மான்செஸ்டரில் 'தி மில்' 2020இல் ஆரம்பித்தது, மின்னஞ்சலில் வரும்; பிரிஸ்டலில் 'கேபிள்' 2014இல் இருந்து, உறுப்பினர்களே அதன் உரிமையாளர்கள். தினச் செய்திக்கு இவை போதாது, ஒரு விஷயத்தை ஆழமாகத் தோண்டுவதற்கு நல்லவை.

போலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதில்தான் நம் ஆட்கள் அடிபடுகிறார்கள். 2024 ஜூலை 29 அன்று சவுத்போர்ட்டில் நடன வகுப்புக்குப் போன மூன்று சிறுமிகளை ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றான். சில மணி நேரத்தில் ஒரு பெயர் பரவியது, போன வருடம் படகில் வந்த அகதி என்று. செய்தி சேனல் போலப் பெயர் வைத்திருந்த ஒரு தளம் அதைப் போட, லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அந்தப் பெயர் தவறு என்று போலீஸ் சொன்னது, செய்தவன் கார்டிஃபில் பிறந்தவன். ஆனால் மறுநாளே அந்த ஊர் மசூதியைக் கல்லால் அடித்தார்கள், கலவரம் ஊர் ஊராகப் போனது, சண்டர்லேண்டில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் நர்ஸுகள் வந்த டாக்சியைக் கல்லால் அடித்தார்கள். எங்கள் வார்டில் தமிழ், மலையாள, பிலிப்பைன்ஸ் பெண்கள் எல்லோருமே பயத்தில் இருந்தோம். ஆகஸ்ட் 7ஆம் தேதி எங்கெங்கே தாக்கப் போகிறார்கள் என்று ஒரு பட்டியல் சுற்றியது. வாட்ஸ்அப் குழுவில் அதை ஒரே நாளில் நாற்பது தடவை பார்த்திருப்பேன், ஒருவர்கூட இது எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. நான் அன்றைக்கு என் வாரப் பேப்பரின் தளத்தையும் உள்ளூர் பிபிசி வானொலியையும் மட்டுமே திறந்து வைத்திருந்தேன். எந்தத் தெருவில் கடைகளை மூடிவிட்டார்கள், பஸ் எத்தனை மணி வரை ஓடும், போலீஸ் எங்கே நிற்கிறது என்று நிருபர் நேரத்தோடு போட்டுக்கொண்டே இருந்தார். அந்த ராத்திரி பட்டியலில் இருந்த பெரும்பாலான இடங்களில் தாக்க யாரும் வரவில்லை, எதிர்த்து நிற்கத்தான் ஊர் ஊராக ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்து நின்றார்கள். எங்கள் நர்ஸுகளில் இரண்டு பேர் பட்டியலை நம்பி வேலைக்கு வராமல் அழுதுகொண்டு வீட்டில் இருந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் உண்மை எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அமெரிக்கா போகிறவர்களுக்கு இது இன்னும் கூடுதல் கவனம். அங்கே ஊர்ப் பெயரோடு டைம்ஸ், கெஜட் என்று சேர்த்து, பார்க்க நூறு வருடப் பேப்பர் போல, கட்சிப் பணத்திலோ யார் பணம் என்றே தெரியாமலோ நடக்கும் தளங்கள் ஏராளம். நியூஸ்கார்டு என்ற நிறுவனம் 2024 ஜூனில் எண்ணியபோது இந்த மாதிரித் தளம் 1,265, உண்மையான தினசரிகளோ 1,213. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை: செய்தியில் எழுதியவர் பெயர் இருக்காது, அலுவலக முகவரி இருக்காது, மரண அறிவிப்பும் பள்ளி விளையாட்டும் இருக்காது. ஊர்ப் பேப்பர் என்றால் யார் செத்தார், எந்தப் பள்ளி ஜெயித்தது என்று ஒரு பக்கமாவது இருந்தே ஆகும், நம் ஊர்ப் பேப்பரில் நினைவஞ்சலி விளம்பரம் இருக்கிற மாதிரி.

கனடாவில் வேறு பிரச்சினை. 2023 ஆகஸ்டிலிருந்து பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தி நிறுவனங்களின் சுட்டியே வராது, செய்திக்குப் பணம் தர வேண்டும் என்று அரசு சட்டம் போட்டதும் அவற்றை நடத்தும் மெட்டா நிறுவனம் அடைத்துவிட்டது. உண்மையான பேப்பர் வராத இடத்தில் யாரோ வெட்டி ஒட்டிய படங்கள்தான் சுற்றுகின்றன. டொரொன்டோ பக்கம் இருக்கிற நம் சொந்தக்காரர்களுக்கு நான் சொல்வது: பேப்பரின் தளத்தை நேராகத் திறங்கள், காலை மின்னஞ்சலுக்குப் பெயர் கொடுங்கள், முகநூலை நம்பி இருக்காதீர்கள்.

வளைகுடாவில் அளவுகோலே வேறு. பேப்பர் நடத்த அரசு உரிமம் வேண்டும், அரசைக் கேள்வி கேட்கும் செய்தியை அங்கே எதிர்பார்க்க முடியாது, ஒரு கம்பெனி சம்பளம் தரவில்லை என்று செய்தி வந்தாலும் பெரும்பாலும் கம்பெனி பெயர் இருக்காது. அதற்காகப் பேப்பர் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள், விதிகளைத் தெரிந்துகொள்ள அதுதான் வழி. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12:30 முதல் 3 மணி வரை வெயிலில் வெளிவேலை வாங்கக் கூடாது, வருடா வருடம் கல்ஃப் நியூஸ், கலீஜ் டைம்ஸ் இரண்டிலும் புகார் எண்ணோடு போடுவார்கள், கட்டட வேலைக்குப் போகும் தம்பிகள் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போனில் வைத்திருக்க வேண்டும். அங்கே வதந்தியைப் பகிர்வதே குற்றம், 2021 சட்டத்தில் சிறையே உண்டு, அதனால் ஊர்க் குழுவில் வந்ததை அங்கிருந்து பார்வர்ட் செய்யும் கையை இறுக்கிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 1935இல் இருந்து வரும் தமிழ் முரசு இருக்கிறது, நம் மொழியிலேயே அந்த ஊர் விதிகளைப் படிக்கலாம், அங்கேயும் வருடா வருடம் உரிமம் புதுப்பிக்க வேண்டிய ஏற்பாடுதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஜெர்மனி, ஜப்பான் என்று மொழி தெரியாத நாட்டுக்குப் போகிறவர்கள் முதலிலேயே அரசியல் செய்தியில் கை வைக்க வேண்டாம். குப்பை எடுக்கும் நாள், ரயில் வேலைநிறுத்தம், சந்தை எந்தக் கிழமை, இப்படிச் சின்னச் செய்தியாக எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போடுங்கள். மறுநாள் குப்பை வண்டி வந்ததா என்று ஜன்னலில் பார்த்தாலே பேப்பரும் செயலியும் இரண்டும் சரியா என்று தெரிந்துவிடும். செயலி சறுக்குவது 'இல்லை' என்ற சொல்லில்தான், ஜெர்மன் மொழியில் அது பல சமயம் வாக்கியத்தின் கடைசிக்குப் போய் நிற்கும், நீள வாக்கியமானால் செயலி அதைத் தவறவிட்டு அர்த்தமே தலைகீழாகிவிடலாம். தேதியும் எண்ணும் மூலப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், எண்ணுக்கு மொழி வேண்டாம்.

விசா விஷயத்தில் மட்டும் எந்தப் பேப்பரோடும் நிறுத்திக்கொள்ளாதீர்கள், எவ்வளவு நல்ல பேப்பரானாலும். இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது என்ற விதி 2024 மார்ச் 11இல் வந்தது, 2025 ஜூலை 22இலிருந்து அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். இந்த இரண்டு தேதிக்கும் முன்னால் பல மாதங்களாகத் தமிழ் யூடியூப்பிலும் குழுக்களிலும் "நாளையிலிருந்து எல்லோரையும் அனுப்புகிறார்கள்" என்றும் "ஒன்றும் மாறாது, பணம் கட்டிவிடுங்கள்" என்றும் இரண்டு விதமாகவும் ஓடியது. கூடலூர்ப் பக்கம் ஒரு குடும்பம் இரண்டாவது பேச்சை நம்பி ஒரு ஏஜென்டிடம் லட்சங்களில் கட்டிவிட்டு இன்னமும் அலைகிறது. பேப்பரில் படித்ததும் அரசுத் தளத்தில் அதே விதியைத் தேடி, எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு, ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் பொருந்துமா என்று மூன்றையும் பார்த்துவிடுங்கள். நல்ல நிருபர் இந்த மூன்றையும் செய்தியிலேயே எழுதியிருப்பார், அதை வைத்தே அவரை எடை போடலாம்.

கடைசியாக நம் ஊர்ச் செய்தி. வெளிநாட்டில் இருக்கும்போது மனசு அடித்துக்கொள்வது இதற்குத்தான். 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தபோது நான் இங்கிலாந்தில் ராத்திரி ஷிப்டில் இருந்தேன், அம்மா போன் எடுக்கவில்லை, கரண்ட் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. குழுவில் வந்த வீடியோவில் ஒரு முழு வீடு சறுக்கிக்கொண்டு போயிற்று. கைகால் நடுங்கிவிட்டது. பத்து நிமிஷம் உற்றுப் பார்த்தபிறகுதான் அந்த வீட்டுக் கூரையும் பின்னால் இருக்கும் மரங்களும் நம் மலையுடையவை இல்லை என்று புரிந்தது. அதிலிருந்து நான் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான்: கோவைப் பதிப்பின் நீலகிரிப் பக்கத்தை இரண்டு பேப்பரின் மின்பதிப்பில் பார்ப்பேன், மாவட்ட ஆட்சியர் அறிவிப்பைப் பார்ப்பேன், வானிலை மையத்தின் எச்சரிக்கை நிறத்தைப் பார்ப்பேன், மூன்றும் ஒத்து வந்தால்தான் நம்புவேன். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு வந்தபோதுகூட, உள்ளூர்க்காரர்களுக்கு அது தேவையில்லை என்ற ஒரு வரியை விட்டுவிட்டுத்தான் குழுக்களில் சுற்றியது, லீவில் சொந்த வீட்டுக்கு வருவதற்குப் பாஸ் எங்கே வாங்குவது என்று எனக்கே இரண்டு பேர் அங்கிருந்து போன் போட்டார்கள். பேப்பரில் அந்த வரி இருந்தது.

வீட்டிலிருந்து பேப்பரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் அம்மாக்கள் செய்தியை மட்டும் நெருக்கமாக எடுத்து அனுப்புவார்கள். பக்கத்தின் மேல் ஓரத்தில் இருக்கும் பேப்பர் பெயர், தேதி, பதிப்பு மூன்றும் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்லிக் கிளம்பும் முன்பே ஒரு தடவை பழக்கிவிட்டுப் போங்கள். சித்திக்கு நேற்றுத்தான் பழக்கினேன், முதல் படத்தில் பாதி அவர் கட்டைவிரல், மூன்றாவது படத்தில் தேதி தெளிவாக விழுந்துவிட்டது.